நவம்பரில் பள்ளி பாருங்கள்: பூசணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு எந்தக் கட்டடம்?

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீடு மடிப்பாக்கம். அக்டோபர் பாதி வரை தெருவில் ஓடி விளையாடுகிறவள், மழை பிடித்துக்கொண்டதும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவாள். சென்னை மழையில் யாருக்குத்தான் சளி இல்லை என்று நாங்களும் இரண்டு வருடம் விட்டுவிட்டோம். நெபுலைசர் வாங்கி அலமாரியில் வைத்த பிறகுதான் இது சும்மா சளி இல்லை என்று உறைத்தது.

பள்ளியின் மேல் சந்தேகம் வந்தது ஒரு மழை விடுமுறையில். தொடர்ந்து ஆறு நாள் பள்ளி இல்லை. வெளியே கொட்டுகிறது, கொடியில் துணி காயவில்லை, டப்பாவில் இருக்கும் முறுக்குகூட நமுத்துப்போகிறது. பிள்ளை மட்டும் நன்றாகத் தூங்கினாள். ஏழாம் நாள் பள்ளி திறந்தார்கள். எட்டாம் நாள் இரவு வீசிங். மழைதான் காரணம் என்றால் அது வீட்டிலேயே வந்திருக்க வேண்டுமே? அன்றிலிருந்து சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். இருமலுக்கு ஒரு கோடு, இன்ஹேலர் கொடுத்தால் ஒரு வட்டம். ஐந்து வாரத்தில் வட்டங்கள் எல்லாம் செவ்வாய், புதன், வியாழனில் கூடிக் கிடந்தன. ஞாயிறுகள் வெறுமையாக இருந்தன.

அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஆல்டர்னேரியா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இரண்டு பூஞ்சைகளுக்கும், வீட்டுத் தூசியில் இருக்கும் உண்ணிக்கும் தோல் தடித்தது. "பள்ளியை மாற்றுவதற்கு முன்னால் மெத்தையையும் தலையணையையும் பாருங்கம்மா" என்றார். நியாயம்தான். பாத்ரூம் சுவரை ஒட்டி நின்ற பீரோவை நகர்த்தினால், பின்னால் கரும்புள்ளிகள். வீட்டை வைத்துக்கொண்டு பள்ளியைக் குறை சொல்லப் போயிருக்கிறேன்! அதைச் சுரண்டி, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தலையணைகளுக்கு உறை மாற்றி, அதற்கும் பிறகு மூன்று வாரம் காலண்டர் பார்த்தோம். வட்டங்கள் குறைந்தன, ஆனால் வார நாட்களை விட்டு நகரவில்லை. உங்களுக்கும் இதே சந்தேகம் என்றால், டெஸ்ட், வீடு இரண்டையும் முடித்துவிட்டுப் பள்ளி தேடுங்கள். இல்லாவிட்டால் டி.சி. வாங்கி, புதிய யூனிஃபார்ம் தைத்து, அதே இருமலோடு வேறு வாசலில் நிற்க வேண்டிவரும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதில் முதலில் நான் சறுக்கினேன். அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை சுலபத்தில் வளராது என்று படித்துவிட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சென்னையில் நவம்பர் மாதக் காற்றே ஏறக்குறைய 80. ஜன்னல் திறந்த எந்த வகுப்பில் வைத்தாலும் 78, 80, 82. நல்ல பள்ளிக்கும் மோசமான பள்ளிக்கும் ஒரே மார்க். அந்த மீட்டர் இப்போது அரிசி டிரம் பக்கத்தில் இருக்கிறது. காற்றைப் பிடித்து பூஞ்சை வித்து எண்ணித் தரும் ஆட்களும் உண்டு. ஆனால் இத்தனை இருந்தால் ஆபத்து, இத்தனைக்குக் கீழே சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் எண் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் அப்படி வரம்பு வைக்கவில்லை. இருவரும் சொல்வது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்து. வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறது. சுவரோ பலகையோ நனைந்து ஒன்று இரண்டு நாளுக்குள் காய்ந்துவிட்டால், அது அங்கே குடித்தனம் வைக்க முடியாது.

ஆகவே என் கேள்வி மாறியது. எந்தப் பள்ளி புதியது, எது சுத்தமாக மின்னுகிறது என்பதை விட்டுவிட்டேன். மழை விட்டதும் எந்தக் கட்டடம் சீக்கிரம் காய்கிறது? அதை ஏப்ரலில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏப்ரலில் எல்லாச் சுவரும் யோக்கியமாகத்தான் நிற்கும்.

இருக்கும் பள்ளியிலேயே மாடிக்கு

மகளின் வகுப்பு தரைத்தளம். எங்கள் பகுதியில் ரோடு போடப் போடப் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, இப்போது பள்ளி வாசல் ரோட்டை விட ஒரு முழம் தாழ்வு. பள்ளிக்கரணை சதுப்புக்குப் பக்கம் என்பதால் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே. மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டி நாள் கணக்கில் நிற்க, ஓதம் சுவரில் ஏறுகிறது. மூன்றடி உயரம் வரை ஆயில் பெயிண்ட். அதற்குள் உப்பு பூத்து, பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாகப் புடைத்திருக்கிறது. மகள் உட்காரும் பெஞ்சு அந்தச் சுவரை ஒட்டி. பக்கத்தில் இரும்பு பீரோ. அதன் பின்னால் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பார்த்த அதே கரும்புள்ளிகள், பத்து மடங்கு.

"போன மே மாசம்தான் மேடம் பெயிண்ட் அடிச்சோம், ஆன்டி ஃபங்கல்" என்றார் தலைமை ஆசிரியை. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கீழிருந்து ஏறும் தண்ணீருக்கு மேல்பூச்சு என்ன செய்யும்? பூசணத்தைச் சுரண்டாமல் பெயிண்டையோ பிளீச்சிங்கையோ அடித்தால் நிறம் போகும். ஒவ்வாமைக்கு நிறம் முக்கியமில்லை. செத்த பூஞ்சையும் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்ததும் செக்‌ஷனை மாற்றினார்கள். ஏ செக்‌ஷன் தரைத்தளம், பி செக்‌ஷன் முதல் மாடி. இரண்டு மாடிக் கட்டடத்தில் நடுமாடிதான் பாதுகாப்பான இடம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தரையின் ஓதம் அங்கே எட்டாது, மொட்டை மாடியின் ஒழுகல் அங்கே இறங்காது. பைசா செலவில்லை. அந்த மாதம் வட்டங்கள் பாதியாயின. முழுதாக நிற்காததற்குக் காரணம், நூலகமும் கம்ப்யூட்டர் அறையும் கீழேதான். பள்ளி வேனையும் விட்டுவிடாதீர்கள்: ஜன்னல் ரப்பர் போய், மழைநீர் இறங்கி, ரெக்சின் சீட்டுக்குள் ஸ்பாஞ்ச் ஊறிக் கிடந்தது. சீட்டில் மூக்கை வைத்துப் பார்த்தால் போதும். நனைந்த துணியை மூட்டையில் கட்டி வைத்தால் வருமே ஒரு சிக்கு வாடை, அதேதான்.

பலருக்கும் இந்த முதல் வழியே போதுமானதாக இருக்கலாம். எங்களுக்கு இது நாலைந்து மாதத்தை ஓட்டிக் கொடுத்தது.

ஓ.எம்.ஆர். பக்கம் ஏசி பள்ளி

என் கணவருக்கு இதில்தான் மனசு. காரணம் புரிகிறது. ஏசி ஓடும்போது காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது. அந்தக் குழாயில் சொட்டும் தண்ணீர்தான் சாட்சி. கணக்குப்படி பார்த்தால் சென்னை மழைக்காலத்தில் ஒரு வகுப்பறைக்கு 60 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் கிடைக்க ஏசியை விட்டால் சுலபமான வழி இல்லை. கட்டணம் நாங்கள் இப்போது கட்டுவதைப் போல மூன்று மடங்கு. பிள்ளை மூச்சு விட்டால் போதும், கடன் வாங்கியாவது கட்டலாம் என்று பேசிக்கொண்டுதான் போனோம்.

வாசலில் நுழைந்ததும் ரூம் ஃப்ரெஷ்னர் வாசனை. எனக்கு அதுவே முதல் எச்சரிக்கை மணி. எதை மறைக்க அடிக்கிறார்கள் என்றுதான் யோசனை போகிறது. வகுப்பறைகளில் திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு ஸ்ப்ளிட் ஏசி. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. முப்பது பிள்ளைகள் விட்ட மூச்சையே முப்பது பேரும் திரும்ப இழுக்க வேண்டும். வெள்ளி மாலை நாலு மணிக்கு ஏசியை நிறுத்தினால் திங்கள் காலை வரை அந்த அறை மூடிக் கிடக்கும். ஏசிக்குள் இருக்கும் குளிர்விக்கும் சுருள் குழாயும் தண்ணீர் வடியும் தட்டும் எப்போதும் ஈரம், எப்போதும் இருட்டு. அங்கே படிந்த தூசியே பூஞ்சைக்குச் சோறு. திங்கள் காலை ஸ்விட்ச் போட்டதும் முதல் ஐந்து நிமிடம் வரும் காற்று எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஃபில்டர் எப்போது கழுவுவீர்கள் என்று கேட்டேன். "குவார்ட்டர்லி சர்வீஸ் மேம்" என்றார் அட்மிஷன் பெண். மூன்று மாதத்துக்கு ஒரு முறை!

நூலகத்தில் சுவரோடு சுவர் கார்ப்பெட். அதைப் பார்த்தபோதே என் முடிவு பாதி ஆகிவிட்டது. மீதியை முடித்து வைத்தது மேலே இருந்த ஃபால்ஸ் சீலிங். வரிசையாகப் பழுப்பு ஏறிய வெள்ளைச் சதுரங்கள். நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று புது வெள்ளை. பழையது நனைந்து கறை பிடித்ததால்தான் அதை மாற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் குழாயை மாற்றினார்களா, சதுரத்தை மட்டும் மாற்றினார்களா? ஜிப்சம் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் அளவுக்குப் பூஞ்சைக்குப் பிடித்த தீனி வேறு குறைவு.

ஏசி பள்ளி என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வெளிக்காற்று உள்ளே வரத் தனி ஏற்பாடு, சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை, திறந்து பார்க்கும் ஜன்னல், மாதம் ஒரு முறையாவது ஃபில்டர் கழுவும் ஆள் எல்லாம் இருந்தால், மழைக்காலத்தில் இதைவிட உலர்ந்த இடம் கிடையாது. நாங்கள் பார்த்த பள்ளி அது இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் ஏர் ப்யூரிஃபையர் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூடிய அறையில் அது பறக்கும் வித்துகளை ஓரளவு பிடிக்கும், சுவரின் ஈரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னல் திறந்த வகுப்பில் அது வெறும் மின்விசிறி.

வீட்டுக்குப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளி

இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. புதிதாகக் கட்டிய கட்டடம், நடந்து போகிற தூரம். மைதானத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஆனால் வகுப்பறைகளை ஐந்து படி ஏறித்தான் போக வேண்டும். ரோட்டின் மட்டம் இன்னும் உயரும் என்று யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். எதிரெதிர் ஜன்னல்கள், கார்ப்பெட் இல்லை, ஃபால்ஸ் சீலிங் இல்லை. காலை உணவும் உண்டு. ஒரு குறை, புது கான்கிரீட்டும் பூச்சும் தங்களுக்குள் நிறையத் தண்ணீரை வைத்திருக்கும். முழுக்க உலர மாதக்கணக்கில் ஆகும். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு அந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்களைத் தடுத்தது வேறு விஷயம். அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான். இரண்டு வருடத்தில் இதே தேடலை மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை. முதல் வகுப்பில் சேர்க்கப் போகிற பெற்றோர் என்றால், உங்கள் பட்டியலில் இதை மேலே வையுங்கள்.

சைதாப்பேட்டைப் பக்கம் பழைய கட்டடம்

அரசு உதவி பெறும் பள்ளி. இரண்டு நாள் கனமழை பெய்து விட்ட மறுநாள் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் செதில் செதிலாக உரிந்திருந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் என் கணவர். உள்ளே போய்ப் புறங்கையைச் சுவரில் வைத்தேன். உள்ளங்கையை விடப் புறங்கைக்கு ஈரம் சட்டென்று தெரியும் என்று ஒரு கொத்தனார் சொன்னது. சுவர் உலர்ந்திருந்தது. வேறு இடத்தில் வைத்தேன். அங்கும் உலர்வுதான். மூன்று பள்ளியில் கிடைக்காதது இந்த உரிந்த சுவரில் இருந்தது.

காரணம் சுண்ணாம்பு. இந்தக் காலத்துச் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஈரத்தைச் சுவருக்குள் பூட்டி வைக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். அப்படி விடும்போதுதான் மேல்பூச்சு உரிகிறது. பார்க்க அழகில்லை, ஆனால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் சுலபமாக ஒட்டாது. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்கள் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, அதற்கு மேல் தட்டோடு. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே கூரை, இரண்டு பக்கமும் வராண்டா, ஆளுயர ஜன்னல்கள், அவற்றுக்கு மேல் வென்டிலேட்டர். நாற்பத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பில் புழுக்கமே இல்லை.

பழைய கட்டடம் என்றாலே நல்லது என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். வராண்டா பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் பேச்சுக் கொடுத்ததால் தப்பித்தேன். இந்த மாதிரி விஷயத்தில் தாளாளரையும் பிரின்சிபாலையும் கேட்பதை விட ஆயாம்மாவையும் வாட்ச்மேனையும் கேட்பது மேல். தண்ணீர் பிடிக்க வாளி வைக்கிறவர்கள் அவர்கள்தான். "எந்த ரூம்ல ஒழுகும்மா?" என்றேன். "இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. மூணாங் கிளாஸ் மட்டும் அந்த மேற்கால கட்டடத்துல. அங்க டைல்ஸ் போட்டதுலேர்ந்து ஒரே நாத்தம்மா" என்றார்.

போய்ப் பார்த்தோம். மேற்குக் கட்டடத்தை யாரோ 'புதுப்பித்து' இருக்கிறார்கள். சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, நாலடிக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஏறிய ஓதத்துக்கு வெளியேற வழியில்லாமல் டைல்ஸைத் தாண்டி மேலே போய், டைல்ஸ் முடியும் இடத்தில் சுவர் முழுக்க ஒரு கறுப்புக் கோடு, கண்மை இழுத்தது போல. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு கட்டடங்கள், ஒரே மழை. நூலகமும் சுகமில்லை. பூட்டிய அறை, மர அலமாரி, கதவைத் திறந்ததுமே மகள் தும்மினாள். கிழக்குக் கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்ததையும் கவனித்தேன். வேர் விரிசலுக்குள் போயிருந்தால் நாளைக்குக் கூரை ஒழுகும் இடம் அதுதான்.

ஆனால் நாலாம் வகுப்பிலிருந்து எல்லாம் கிழக்குக் கட்டடம், முதல் மாடி. வகுப்பாசிரியையிடம் இன்ஹேலர் விஷயத்தைச் சொன்னபோது, அவர் தன் கைப்பையைத் திறந்து நீல இன்ஹேலர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "எனக்கும் உண்டும்மா. பையில வச்சிருக்கட்டும், நான் பாத்துக்கறேன்." ஏசி பள்ளியில் நர்ஸ் உண்டு, நல்ல விஷயம்தான், ஆனால் மருந்து நர்ஸ் அறையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள், அந்த அறை இரண்டு மாடி கீழே. மூச்சு வாங்கும் பிள்ளை இரண்டு மாடி இறங்கிப் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

அத்தை வேறொரு யோசனை சொன்னார். கரூருக்கு அனுப்பிவிடு, அங்கே மழை இங்கே பெய்வதில் பாதிதான், காற்றும் காய்ந்த காற்று என்று. உண்மைதான். எட்டு வயதுப் பிள்ளையை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்து அனுப்பும் அளவுக்கு நோய் முற்றவில்லை. வீட்டிலேயே படிக்க வைப்பதும் அப்படித்தான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யவே 14 வயது ஆக வேண்டும், இடையில் ஆறு வருடம் யார் சொல்லிக் கொடுப்பது? இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது பேச்சளவில்தான்.

அதனால் இப்படி முடிவு செய்தோம். இந்த வருடம் முடியும் வரை இப்போதைய பள்ளியின் நடுமாடி; நூலக வகுப்பு நேரத்தில் மகள் மாடியிலேயே புத்தகம் எடுத்துவைத்துப் படிக்க ஆசிரியை ஒப்புக்கொண்டார். ஜூனில் சைதாப்பேட்டை. என் கணவரும் மகளும் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறிவிடுவார்கள், வேன் தொல்லை இல்லை. பெரிய வகுப்பு, சுமாரான விளையாட்டுத் திடல், ஆங்கிலம் நாங்கள்தான் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டோம்.

டி.சி. வாங்கிக்கொண்டு மே மாதம் பணம் கட்டப் போனபோது கிழக்குக் கட்டடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், சுண்ணாம்புதான். நான் நவம்பரில் சொல்லிவிட்டு வந்த அரசங்கன்றையும் வெட்டியிருந்தார்கள். வேரோடு எடுக்கவில்லை; விரிசலில் பச்சையாக இரண்டு துளிர் விட்டிருந்தது. ஹெச்.எம். சாரிடம் காட்டினேன். கொத்தனாரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பள்ளி திறக்கும் அன்று முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பேன்.